லேபிள் மேல் ஒட்டிய வெள்ளைத்தாள்

வட இங்கிலாந்தில் 1970களில் ரிக்கார்டு போட்ட டிஜேக்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேறு யாரிடமும் இல்லாத ஒரு பாட்டு கையில் கிடைத்துவிட்டால், ரிக்கார்டின் நடுவில் இருக்கும் லேபிள் அளவுக்கு ஒரு வெள்ளைத்தாளை வட்டமாக வெட்டி அதன் மேல் ஒட்டிவிடுவார்கள். பாடகர் பெயர், பாட்டின் பெயர், கம்பெனி பெயர் எல்லாம் மறைந்துவிடும். கேட்பவர்களுக்குச் சொல்ல ஏதாவது ஒரு கற்பனைப் பெயரை வைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கும் போட்டி டிஜேவுக்கும், கள்ளப்பிரதி அடித்து விற்கும் வியாபாரிக்கும் அது என்ன பாட்டு என்று தெரிந்துவிடக் கூடாது. 'கவர்-அப்' என்பார்கள். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் அதற்கும் முன்பே, அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ரிக்கார்டுகளின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு இதே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

1960களின் அமெரிக்கக் கருப்பினப் பாடகர்களின் 'சோல்' பாட்டுகளுக்கு வட இங்கிலாந்து இளைஞர்கள் ஆடிய நார்தர்ன் சோல் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு பாடகரின் குரலுக்காக நூறு மைல் பயணம் செய்து வந்து விடிய விடிய ஆடிய கூட்டம், அந்தப் பாடகரின் பெயரையே தெரியாமல் வீடு திரும்பியது. இந்த இசையை நான் எவ்வளவு நேசித்தாலும் இந்த விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பெயர்களுக்கு இடம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

கதை தொடங்குவது டெட்ராய்ட்டில். 1960களின் நடுவில் மோட்டவுன் என்ற சோல் இசை நிறுவனத்தின் வெற்றியைப் பார்த்து, அந்த ஊரிலும் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் சின்னச் சின்ன ரிக்கார்டு கம்பெனிகள் ஏராளமாக முளைத்தன. வாடகைக்கு ஒரு ஸ்டூடியோ, உள்ளூர்ப் பாடகர் ஒருவர், பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள ஏழு அங்குல சிங்கிளாகச் சில நூறு பிரதிகள். டெட்ராய்ட்டின் ரிக்-டிக், கோல்டன் வேர்ல்ட் போன்ற கம்பெனிகளின் பாட்டுகளில் வாசித்தவர்களில் பலர் மோட்டவுனின் சொந்த வாத்தியக்காரர்கள்தான். அங்கே வேலை முடிந்ததும் ரகசியமாக இங்கே வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். ஆகவே தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விநியோகம்தான் இல்லை. வானொலி நிலையம் எடுத்துப் போடவில்லை என்றால் அந்தப் பாட்டின் ஆயுள் சில வாரங்கள். விற்காத பிரதிகள் பெட்டி பெட்டியாகக் கிடங்குக்குப் போயின. கழித்துக் கட்டிய சரக்கு என்பதற்கு அடையாளமாக லேபிளில் துளை போட்டு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

1960களின் இறுதியில் அமெரிக்கக் கருப்பின இசை, தாளம் கனத்த ஃபங்க் பக்கம் திரும்பிவிட்டது. வட இங்கிலாந்தின் நடனக் கூட்டம் மட்டும் திரும்ப மறுத்தது. அவர்களுக்கு அந்த நடு அறுபதுகளின் வேகம்தான் வேண்டும்: ஒவ்வொரு அடிக்கும் விழும் ஸ்நேர் டிரம், பின்னால் வயலின்கள், கெஞ்சும் குரல். லண்டனின் கோவென்ட் கார்டனில் 'சோல் சிட்டி' என்று ஒரு கடை நடத்தியவர் டேவ் காடின். மோட்டவுனை பிரிட்டனில் பரப்பியதில் முன்னோடி அவர். அதற்காக 1964இல் டெட்ராய்ட்டுக்கே அழைக்கப்பட்டவர். கால்பந்து ஆட்டம் பார்க்க வடக்கிலிருந்து லண்டன் வரும் இளைஞர்கள் அவர் கடைக்கு வந்து புதிய பாட்டுகளைக் கண்டுகொள்ளாமல் பழையதையே கேட்பதைக் கவனித்தார். அவர்கள் வந்தால் 'நார்தர்ன் சோல்' எடுத்துப் போடுங்கள் என்று கடைப் பையன்களிடம் சொல்லி வைத்தார். 1970இல் பத்திரிகையில் தான் எழுதி வந்த பத்தியிலும் அதையே எழுதினார். பெயர் நிலைத்துவிட்டது.

இந்தக் கூட்டம் ஆடிய விடுதிகளில் மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் 1971இல் மூடப்பட்டது. ஸ்டோக் பக்கத்தில் டன்ஸ்டாலில் இருந்த கோல்டன் டார்ச் 1973இல் மூடப்பட்டது. போதை மாத்திரை, போலீஸ், உரிமம் என்று காரணங்கள். மாத்திரை விவகாரத்தை மறைக்கத் தேவையில்லை. இரவு முழுக்கத் தூங்காமல் ஆடுவதற்கு ஆம்ஃபெடமைன் விழுங்கியவர்கள் நிறையப் பேர், அதில் உடலும் வாழ்க்கையும் கெட்டவர்களும் உண்டு. பிளாக்பூல் மெக்கா என்ற நடனக்கூடத்தில் டிஜேக்கள் இயன் லெவைனும் காலின் கர்ட்டிஸும் 1970களின் புதிய ரிக்கார்டுகளையும் சேர்த்துப் போட ஆரம்பித்ததும் கூட்டமே இரண்டாகப் பிளந்தது. அந்தச் சண்டையை இன்றைக்கும் விடாமல் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

விகன் கேசினோவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நிலக்கரியும் பருத்தி ஆலைகளுமாக இருந்த ஊர் விகன். 1973 செப்டம்பர் 23 அன்று அங்கே கேசினோ என்ற பெயரில் இருந்த ஒரு பழைய நடனக்கூடத்தில் முதல் ஆல்நைட்டர், அதாவது விடிய விடிய நடக்கும் நடன இரவு, நடந்தது. சாதாரண இரவு விடுதிகள் மூடுகிற நேரத்தில் இங்கே கதவு திறக்கும். நள்ளிரவு தாண்டித் தொடங்கி ஞாயிறு காலை எட்டு மணிக்கு முடியும். மது கிடையாது. தோளில் ஒரு பை. அதற்குள் மாற்றுச் சட்டை, துண்டு, டால்கம் பவுடர். பவுடரைத் தரையில் தூவுவார்கள், தோல் அடிவைத்த ஷூ வழுக்கிக்கொண்டு போவதற்காக. அகலக் கால்சட்டையும் பனியனுமாக ஆண்கள், சுழலும்போது வட்டமாக விரியும் நீளப் பாவாடையில் பெண்கள். பையில் தைத்த வட்டத் துணிப்பட்டையில் மேலே உயர்ந்த ஒரு முஷ்டி. அது அமெரிக்கக் கருப்பின உரிமைப் போராட்டத்திலிருந்து வந்த முஷ்டி. அதை அணிந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். அந்த முஷ்டியின் பொருள் அவர்களில் எத்தனை பேருக்கு முழுதாகப் புரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். வாரம் முழுக்க இரைச்சலான எந்திரத்தின் முன் நின்றவனுக்கு, வேறொரு நாட்டு எந்திர நகரத்திலிருந்து வந்த குரல் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

ஆட்டம் தனியாள் ஆட்டம். ஜோடி தேடி வர வேண்டியதில்லை. ஆண் தனியாக ஆடலாம், பெண் தனியாக ஆடலாம், யாரும் வந்து இடையூறு செய்ய மாட்டார்கள். பாதங்கள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே இருக்கும், உடம்பின் மேல்பாதி ஏறக்குறைய அசையாது. பாட்டில் இடைவெளி வரும் இடத்தில் ஒரு சுழற்சி, ஒரு உதை, அல்லது பின்னால் அப்படியே தரைவரை சரிந்து கையூன்றி அடுத்த அடிக்குள் எழுந்து நிற்பது. எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம் என்பதால் குறிப்பிட்ட ஓர் இடத்தில் கூடம் முழுக்க ஒரே நொடியில் கைதட்டும். பழைய படச்சுருளில் அந்த ஓசையைக் கேட்டாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பாட்டு முடிந்ததும் இன்னொரு கைதட்டல், பாட்டுக்காக. ஆடுகிற கூட்டம் ஒரு ரிக்கார்டுக்குக் கைதட்டுகிறது என்றால் அங்கே கேட்பது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

நான் இந்த உலகத்துக்குள் வந்தது ரொம்பத் தாமதமாக. வேலைக்காக மான்செஸ்டர் பக்கம் குடிவந்த பிறகு, உடன் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு தொழிலாளர் மன்றத்தில் நடக்கும் சோல் இரவுக்குக் கூட்டிப்போனார். அறுபது வயதைத் தாண்டியவர்கள்தான் பாதிக்கு மேல். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெரியவர் சுழற்சியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஆடினார். சுவரோரம் மடக்கு மேசைகள் போட்டு, சின்னப் பெட்டிகளில் ரிக்கார்டுகளை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பெட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது விற்பவர், "அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார், அப்புறம் பேசலாம்" என்றார். என் படிப்பு அந்த இடத்தில்தான் தொடங்கியது.

ரிக்கார்டு பார்ப்பது ஒரு தனி வித்தை. அமெரிக்க சிங்கிள்களில் நிறைய வைனிலில் செய்தவை அல்ல, பாலிஸ்டைரீனில் வார்த்தவை. நகத்தால் விளிம்பைத் தட்டினால் ஓசை கொஞ்சம் கீச்சென்று இருக்கும். தேய்ந்த ஊசியால் நாலு தடவை ஓட்டினாலே பாலிஸ்டைரீனில் ஊசி ஓடும் பள்ளம் கெட்டுவிடும். பார்க்கப் புதிதுபோல இருக்கும், போட்டால் கரகரக்கும். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் ஒரு வெற்று வளையம் இருக்கிறதே, அதில்தான் ஜாதகம் இருக்கிறது. எந்த ஆலையில் அடித்தார்கள் என்பதற்கான முத்திரை, அச்சு எண் எல்லாம் அங்கே. மோட்டவுன் ரிக்கார்டுகளில் நிறைய மிச்சிகனில் ஓவாசோ என்ற ஊரின் ஆலையில் அடித்தவை. அவற்றில் ஏ, ஆர், பி என்ற மூன்று எழுத்துகள் பின்னிப் பிணைந்த சின்ன முத்திரை தெரியும். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கையால் கீறிய எண் மட்டும் இருந்தால் உஷாராக வேண்டும். 1970களில் இங்கே கள்ளப்பிரதிகள் அவ்வளவு அடித்திருக்கிறார்கள்.

நான் வாங்குவது பெரும்பாலும் பத்து, இருபது பவுண்டுக்குள். பெரிய விலைக்கு வாங்குகிறவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை, ஆனால் விலையைப் பாட்டின் மதிப்பு என்று நினைப்பவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. டாரெல் பேங்க்ஸை எடுத்துக்கொள்வோம். 1966இல் டெட்ராய்ட்டின் ரெவிலாட் லேபிளில் (கம்பெனியின் பெயரையும் லேபிள் என்றே சொல்வார்கள்) வந்த அவருடைய 'ஓப்பன் தி டோர் டு யுவர் ஹார்ட்' அமெரிக்காவில் நன்றாகவே ஓடிய பாட்டு. அந்த அமெரிக்கப் பிரதியை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு வாங்கிவிடலாம். பிரிட்டனில் அதை 'லண்டன்' என்ற பெயருள்ள லேபிளில் வெளியிடத் தயாரான நேரத்தில் உரிமை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது, வெளியீடு நின்றது. அந்த லண்டன் லேபிள் பிரதி ஒன்று 2014இல் ஏலத்துக்கு வந்தது. விலை 14,543 பவுண்டு. அதே குரல், அதே பதிவு. டாரெல் பேங்க்ஸ் 1970இல், முப்பத்திரண்டு வயதில், டெட்ராய்ட்டில் பணியில் இல்லாத ஒரு போலீஸ்காரரால் சுடப்பட்டு இறந்துபோனார். ஏலச் செய்தியைப் பேசுகிறவர்கள் இதையும் பேசினால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஃபிராங்க் வில்சனின் கதை இன்னும் பிரபலம். லாஸ் ஏஞ்சலஸில் மோட்டவுனின் கிளையில் பாட்டெழுதிக்கொண்டும் தயாரித்துக்கொண்டும் இருந்தவர் அவர். 1965இல் 'டூ ஐ லவ் யூ (இண்டீட் ஐ டூ)' என்று ஒரு பாட்டைத் தானே பாடிப் பதிவு செய்தார். மோட்டவுனின் துணை லேபிளான 'சோல்' அதற்கு 35019 என்று எண்ணும் கொடுத்து, மாதிரிப் பிரதிகளும் அடித்துவிட்டது. கடைசி நேரத்தில் வெளியீடு கைவிடப்பட்டது. பாடகராக இருக்கப் போகிறாயா, தயாரிப்பாளராக இருக்கப் போகிறாயா என்று முதலாளி பெர்ரி கோர்டி கேட்டதாகவும், வில்சன் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்ததாகவும் சொல்லப்படுகிறது. பிரதிகள் அழிக்கப்பட்டன. தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அதில் ஒன்று 1970களில் எப்படியோ இங்கிலாந்துப் பக்கம் வந்து சேர்ந்தது. விகன் கேசினோவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது சொல்லப்பட்ட பெயர் எடி ஃபாஸ்டர். கள்ளப்பிரதியிலும் அதே பெயர். எடி ஃபாஸ்டர் என்ற இன்னொருவர் நிஜமாகவே பாடகர். அவருக்கும் இந்தப் பாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தன் ஒரே ஒரு பாட்டுக்கு இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கானோர் ஆடிக்கொண்டிருந்தபோது, ஃபிராங்க் வில்சன் அமெரிக்காவில் ஃபோர் டாப்ஸ் குழுவுக்கும் பாடகர் எடி கென்ட்ரிக்ஸுக்கும் வெற்றிப் பாட்டுகள் தயாரித்துக்கொண்டிருந்தார். பிறகு இசையைவிட்டு மதபோதகராகிவிட்டார். 1979இல்தான் பிரிட்டனில் பாட்டு அவர் பெயரிலேயே முறையாக வெளியானது. 1981 டிசம்பர் 6 அன்று விகன் கேசினோ மூடப்பட்டபோது கடைசியாகப் போட்ட ரிக்கார்டு அதுதான். அசல் பிரதி ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விலைபோனது.

அந்தக் குரலைக் கேட்டுப் பாருங்கள். தயக்கமே இல்லாத ஒரு சந்தோஷம் அதில் இருக்கிறது. பாடகராக வேண்டாம் என்று முடிவெடுத்த மனிதர் பாடியது அது என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். குளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெயின்டட் லவ்' 1965இல் சாம்பியன் என்ற சின்ன லேபிளில் ஒரு சிங்கிளின் பின்பக்கமாக வந்தது. யாரும் கவனிக்கவில்லை. 1973இல் அமெரிக்கா போன ரிச்சர்ட் சியர்லிங் என்ற டிஜே அதைத் தேடி எடுத்து வந்து போட, வடக்கின் நடனக் கூடங்கள் கொண்டாடின. அந்தக் கூடங்களின் வழியாகப் பாட்டு சாஃப்ட் செல் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் காதுக்குப் போய், 1981இல் அவர்கள் புதிதாகப் பதிவு செய்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தார்கள். ஒரு பாட்டை வேறொருவர் மறுபடி பாடினால் உரிமைத்தொகை எழுதியவருக்குத்தான் போகும், முதலில் பாடியவருக்குப் போகாது. எழுதியவர் எட் காப். குளோரியா ஜோன்ஸ் அந்தப் பாட்டில் செய்ததைக் கேட்டவர்களுக்குத் தெரியும், பாட்டு பிழைத்ததே அவர் குரலால்தான் என்று. சட்டத்துக்கு அது கணக்கில்லை. பழைய ரிக்கார்டு கைமாறும்போதும் பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. நான் வாங்கும் ஒவ்வொரு சிங்கிளுக்கும் இது பொருந்தும்.

விகனில் ஒவ்வொரு ஆல்நைட்டரும் மூன்று பாட்டுகளோடு முடியும். எட்டு மணிக்கு முந்தைய மூன்று என்றே அவற்றைச் சொல்வார்கள். டோபி லெஜண்டின் 'டைம் வில் பாஸ் யூ பை', ஜிம்மி ராட்கிளிஃபின் 'லாங் ஆஃப்டர் டுநைட் இஸ் ஆல் ஓவர்', டீன் பாரிஷின் 'ஐயாம் ஆன் மை வே'. டோபி லெஜண்ட் என்பவர் டோபி லார்க் என்ற பெயரிலும் பாடிய டெட்ராய்ட் பாடகி. ஜிம்மி ராட்கிளிஃப் 1973 ஜூலையில் இறந்துவிட்டார். விகன் கேசினோ ஆல்நைட்டர் தொடங்க அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. எட்டு வருடம் அந்தக் கூடத்தை விடியற்காலையில் வீட்டுக்கு அனுப்பி வைத்த குரல்களில் அவருடையதும் ஒன்று. அப்படி ஒரு கூடம் வரப்போகிறது என்பதே அவருக்குத் தெரியாது. டீன் பாரிஷ் இத்தாலிய வம்சாவளியில் வந்த நியூயார்க்காரர், இயற்பெயர் ஃபில் அனஸ்டாசி. தன் 1967ஆம் வருடத்துப் பாட்டு இங்கிலாந்தில் இவ்வளவு நேசிக்கப்படுவது அவருக்குப் பல வருடம் தெரியாமலே இருந்தது. தெரிந்த பிறகு வந்து பாடினார்.

கவர்-அப் செய்த டிஜேக்களைத் திட்டுவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. அவர்கள் கிடங்குகளில் தூசியைக் கிளறியிராவிட்டால் இந்தக் குரல்கள் குப்பையோடு போயிருக்கும். டார்ச்சில் அமெரிக்கப் பாடகர் மேஜர் லான்ஸ் நேரில் வந்து பாடியதும், இன்னொரு அமெரிக்கப் பாடகர் எட்வின் ஸ்டார் இங்கிலாந்திலேயே குடியேறிக் கடைசிவரை பாடியதும் இந்தக் கூட்டம் இருந்ததால்தான். ஆனால் ஒரு ரிக்கார்டைக் கண்டுபிடித்தவரின் புகழும், வைத்திருப்பவரின் புகழும், பாடியவரின் புகழைத் தாண்டிப் போய்விடுகின்றன. சேகரிப்பாளர்கள் கூடும் இடங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். யார் எந்த வருடம் எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்ற வம்சாவளி துல்லியமாகச் சொல்லப்படும். பாடகர் எந்த ஊர், இப்போது இருக்கிறாரா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் வேலை, பழைய பாட்டுகளை மறுவெளியீடு செய்யும் கென்ட் லேபிள் செய்தது. 1982இல் லண்டனில் தொடங்கியது. ஏடி கிராஸ்டெல், லண்டன் 100 கிளப்பின் சோல் ஆல்நைட்டர்களை நடத்துபவர், அதன் பின்னால் இருந்தார். அமெரிக்கக் கம்பெனிகளின் பெட்டகங்களில் போய் ஒலிநாடாக்களைத் தேடி, உரிமம் வாங்கி, வெளியே வராமலே கிடந்த பதிவுகளையும் சேர்த்து வெளியிட்டார்கள். பாடகி மெல்பா மூர் 1960களில் பாடி, வெளியிடாமல் கிடப்பில் போடப்பட்ட 'தி மேஜிக் டச்' அப்படி 1980களில் வெளிச்சத்துக்கு வந்ததுதான். ஒவ்வொரு தொகுப்போடும் ஒரு சிறு புத்தகம் இருக்கும். பாடகர் யார், எந்தத் தேவாலயத்தில் பாடத் தொடங்கினார், யார் வாசித்தது, எங்கே பதிவானது, எல்லாம் விசாரித்து எழுதியிருப்பார்கள். டேவ் காடினும் தன் கடைசி வருடங்களில் கென்ட்டுக்காகத் தொகுப்புகள் தயாரித்தார். அவர் 2004இல் மறைந்தார்.

அசல் ரிக்கார்டு தவிர வேறெதையும் போடக்கூடாது என்பது இந்தக் கூடங்களில் இன்றும் பலர் கடைப்பிடிக்கும் விதி. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. கள்ளப்பிரதிக்கு எதிராக வந்த விதி அது, தேடிப் போனவரின் உழைப்பை மதிக்கிற விதி. ஆனால் உரிமம் வாங்கி வந்த மறுவெளியீட்டைப் போட்டால் பாடகரின் குடும்பத்துக்கு ஏதாவது போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது, அசலைப் போட்டால் அதுவும் இல்லை. இந்த வாதத்தை நான் ஒரு டிஜேவிடம் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இரண்டையும் வாங்கு" என்றார். அன்றிலிருந்து முடிந்தவரை அப்படித்தான் செய்கிறேன்.

இப்போது கூடங்களில் இருபது வயதுக்காரர்களும் வருகிறார்கள். 2023இல் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவின் ஒரு மாலை முழுக்க நார்தர்ன் சோலுக்கு ஒதுக்கி, ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார்கள். விகன் கேசினோ இருந்த இடத்தில் இன்று ஒரு வணிக வளாகம் நிற்கிறது.

கேட்கத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு: கென்ட்டின் ஏதாவது ஒரு தொகுப்பை எடுங்கள், விலை அதிகமில்லை. ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஆனால் கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள், கூடவே அந்தச் சிறு புத்தகத்தைப் படியுங்கள். அதற்கு முன்னால் குளோரியா ஜோன்ஸின் 'டெயின்டட் லவ்' அசல் பதிவைக் கேட்டுவிடுங்கள், மற்றவர்கள் பாடியதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அடுத்தது மேஜர் லான்ஸ், அதற்கும் அடுத்தது டாரெல் பேங்க்ஸ்.